கர்ப்பப்பை வாய் பரிசோதனையில் எதைத் தேடுகிறார்கள்?

குடியாத்தம் பக்கம் ஒரு திண்ணை. மடியில் முறம், முறத்தில் இலையும் தூளும். என் அண்ணியும் பக்கத்து வீட்டு அக்காவும் பீடி சுற்றிக்கொண்டே பேசிக்கொண்டிருந்தார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் முப்பது வயது தாண்டிய பெண்களைக் கர்ப்பப்பை வாய் பரிசோதனைக்குக் கூப்பிடுகிறார்களாம்.

"எனக்கு இன்னாத்துக்கு? நான் நல்லாத்தானே கீறேன்" என்றார் அண்ணி.

"நான் போன வருசமே ஸ்கேன் எடுத்துட்டேன், ஒண்ணும் இல்லன்னுட்டாங்க. அதுவும் இல்லாம எனக்குத்தான் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் ஆயிடுச்சே" என்றார் அக்கா.

இரண்டு பேர், மூன்று காரணங்கள். மூன்றுமே தவறு. ஆனால் அவர்களைக் குறை சொல்லத் தோன்றவில்லை. 'புற்றுநோய் பரிசோதனை' என்று நாம் வைத்திருக்கும் பெயர்தான் குழப்பத்தின் வேர். அந்தப் பெயரைக் கேட்டால் நோய் இருப்பவர்கள் போகவேண்டிய இடம் என்றுதானே தோன்றும்? உண்மையில் அங்கே முக்கியமாகத் தேடுவது புற்றுநோயை அல்ல. அது வருவதற்குப் பல வருடம் முன்னால், எந்தத் தொந்தரவும் தராமல் இருக்கும் ஒரு சின்ன மாற்றத்தை. நன்றாக இருக்கிறவர்கள்தான் போகவேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

வீடும் வாசலும்

கர்ப்பப்பையை ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். குழந்தை வளர்வது உள் அறையில். அந்த வீட்டின் வாசல் கீழ்ப்பக்கம், பிறப்புறுப்புப் பாதைக்குள் திறக்கிறது. அந்த வாசலுக்குத்தான் கர்ப்பப்பை வாய் என்று பெயர். இந்தக் கட்டுரை முழுக்க வாசலைப் பற்றியது.

வயிற்றின் மேல் வைத்து எடுக்கும் ஸ்கேன், தெருவில் நின்று வீட்டைப் பார்ப்பது மாதிரி. சுவர் தடித்திருக்கிறதா, உள்ளே கட்டி இருக்கிறதா என்பதெல்லாம் தெரியும். வாசல் நிலைச்சட்டத்தில் கரையான் ஏற ஆரம்பித்திருக்கிறதா என்பது தெரியாது. நாம் தேடும் மாற்றம் அவ்வளவு சின்னது. அது நடப்பது செல்லுக்குள். சுவருக்குச் செங்கல் எப்படியோ, உடம்புக்குச் செல் அப்படி. ஆகவே பக்கத்து வீட்டு அக்காவின் ஸ்கேன் ரிப்போர்ட் பொய் சொல்லவில்லை. அது வேறொரு கேள்விக்கான பதில்.

அந்த வாசலில் ஒரு விசேஷம் உண்டு. வெளிப்பக்கத்தில் தட்டையான செல்கள் அடுக்கடுக்காக இருக்கும். உள்பக்கத்தில் உயரமான செல்கள் ஒரே வரிசையாக நிற்கும். இரண்டும் சந்திக்கும் வளையம் வாழ்நாள் முழுக்க ஒரே இடத்தில் இருப்பதில்லை. பருவமடையும்போதும் கர்ப்பத்தின்போதும் நகர்கிறது. ஒரு வகை செல் இன்னொரு வகையாக மாறும் வேலை அங்கே நடந்துகொண்டே இருக்கிறது. சிமெண்ட் தரையும் மண் தரையும் சேரும் இடத்தில்தானே எப்போதும் முதல் விரிசல் விழும்? இங்கேயும் அப்படித்தான். பெரும்பாலான கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்கள் இந்த வளையத்தில்தான் தொடங்குகின்றன. பரிசோதிக்கும் செவிலியர் பார்க்க விரும்புவதும் இந்த வளையத்தைத்தான்.

வந்து போகும் வைரஸ்

"சுத்தமாக இல்லாவிட்டால் வரும்" என்று ரொம்ப நாளாகச் சொல்லிவருகிறார்கள். அது காரணமில்லை. காரணம் ஒரு வைரஸ், ஹெச்.பி.வி. என்று பெயர். இதில் 200-க்கும் மேற்பட்ட வகைகள் இருக்கின்றன. சில வகை வெறும் மருவை உண்டாக்கிவிட்டுப் போய்விடும். பதினான்கு வகை போலத்தான் ஆபத்தானவை. அவற்றிலும் 16, 18 என்ற எண் கொண்ட இரண்டு வகைகள் மட்டுமே உலகில் நூற்றுக்கு எழுபது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்களுக்குக் காரணம். இந்த இரண்டையும் 1983, 1984-இல் அடையாளம் காட்டியது ஜெர்மனியின் ஹரால்ட் சூர் ஹவுசனின் குழு. 2008-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இது உடலுறவின் வழியாக, தோலோடு தோல் படும்போது பரவுகிறது. இதைச் சொன்னவுடனே வீட்டில் சண்டை வந்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அதனால் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். உடலுறவு வாழ்க்கை உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு, ஆண் பெண் இருவருக்கும், எப்போதாவது ஒருமுறை இந்த வைரஸ் தொற்றியே இருக்கும். வந்தது தெரியாது, காய்ச்சல் இல்லை, வலி இல்லை. பல வருடம் சத்தமில்லாமல் கிடந்துவிட்டு ஒரு நாள் பரிசோதனையில் தெரியவரலாம். எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. வாழ்நாளில் ஒரே ஒருவரோடு மட்டும் வாழ்ந்த பெண்ணுக்கும் வரலாம். ஹெச்.பி.வி. ரிப்போர்ட்டை நடத்தைச் சான்றிதழாகப் படிப்பவர்களுக்கு அறிவியலும் தெரியவில்லை, மனிதர்களையும் தெரியவில்லை.

இன்னொரு நல்ல செய்தி: தொற்றியவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு இரண்டு வருடத்துக்குள் உடம்பே அதை விரட்டிவிடும். கரையான் உவமை இந்த இடத்தில் பொருந்தாது. கரையான் தானாகப் போகாது, இந்த வைரஸ் பெரும்பாலும் போய்விடும்.

போகாமல் தங்கினால்

சிலருக்கு அது போகாமல் தங்கிவிடுகிறது. செல் எவ்வளவு பெருக வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்பதற்கு உள்ளே பிரேக் மாதிரியான புரதங்கள் உண்டு. ஆபத்தான வகை ஹெச்.பி.வி. அந்தப் பிரேக்கைப் பிடுங்கிவிடுகிறது. பிரேக் இல்லாத செல்கள் தாறுமாறாகப் பெருகத் தொடங்கும். ஆனால் இன்னும் மேல்தோலின் அடுக்குக்குள்ளேயேதான் இருக்கும், கீழே இறங்கிப் பரவியிருக்காது. இதைத்தான் புற்றுக்கு முந்தைய நிலை என்கிறார்கள். பரிசோதனை தேடுவது இதை.

இது உண்மையான புற்றுநோய் ஆக எவ்வளவு காலம்? எதிர்ப்புச் சக்தி சாதாரணமாக இருக்கும் பெண்களுக்கு, தொற்றிலிருந்து கணக்கிட்டால் பொதுவாக 15 முதல் 20 வருடம். சிகிச்சை எடுக்காத எச்.ஐ.வி. போன்ற காரணங்களால் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு 5 முதல் 10 வருடம். இவ்வளவு நீண்ட அவகாசம் கொடுக்கும் புற்றுநோய்கள் குறைவு. அப்படியிருந்தும் 2022-க்கான உலகப் புற்றுநோய் மதிப்பீட்டில், இந்தியாவில் அந்த ஒரே வருடத்தில் சுமார் 1,27,000 பெண்களுக்கு இந்த நோய் புதிதாக வந்தது, ஏறக்குறைய 80,000 பேர் இறந்தார்கள். அவகாசம் இருந்தது, யாரும் வாசலைத் தட்டிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: வைரஸ் வருகிறது, பெரும்பாலும் போய்விடுகிறது. தங்கினால் வாசலில் உள்ள வளையத்தில் செல்கள் மெல்ல மாறுகின்றன. அந்த மாற்றத்துக்கும் புற்றுநோய்க்கும் நடுவே பல வருட இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளிக்குள் பிடிப்பதுதான் பரிசோதனையின் வேலை.

குத்தூசி, முட்டை, பஞ்சுக்குச்சி

பிடிப்பதற்கு மூன்று வழிகள் இருக்கின்றன.

ஆரணி அரிசி மண்டிக்குப் போனவர்களுக்குத் தெரியும். வியாபாரி மூட்டையை அவிழ்க்க மாட்டார். குத்தூசியைச் சொருகி, வந்து விழும் நாலு மணியை உள்ளங்கையில் வைத்துப் பார்ப்பார். பாப் ஸ்மியர் என்பதும் அதே வேலைதான். வாசலிலிருந்து மெல்லிய தூரிகையால் சில செல்களைத் தேய்த்தெடுத்து, சாயம் போட்டு, நுண்ணோக்கியில் பார்ப்பது. நியூயார்க்கில் வேலை செய்த கிரேக்க மருத்துவர் பாப்பனிகோலாவ் இதை உருவாக்கினார். பெயரில் உள்ள 'பாப்' அவர்தான். 1928-இல் முதலில் சொன்னபோது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, 1943-இல் புத்தகமாக வந்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. குத்தூசிக்கு உள்ள குறை இதற்கும் உண்டு. வந்த நாலு மணியில் கெட்ட மணி சிக்காமல் போகலாம். அதனால்தான் இதை மூன்று வருடத்துக்கு ஒருமுறை எடுக்கச் சொல்கிறார்கள். ஆய்வகமும், பார்க்கத் தெரிந்த கண்ணும் வேண்டும், முடிவுக்குச் சில நாள் காத்திருக்க வேண்டும்.

இரண்டாவது, நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையங்களில் செய்வது. வி.ஐ.ஏ. என்பார்கள். சமையலில் போடும் வினிகர் மாதிரியான நீர்த்த அசிட்டிக் அமிலத்தை, 3 முதல் 5 சதவீதம், வாசலில் பஞ்சால் தொட்டு வைத்துவிட்டு ஒரு நிமிடம் காத்திருந்து கண்ணால் பார்ப்பது. முட்டையின் வெள்ளைக்கரு கல்லில் விழும்வரை கண்ணாடி மாதிரி இருக்கும், சூடு பட்டதும் வெளுத்துவிடும். காரணம் அதில் உள்ள புரதம் இறுகுவதுதான். மாறிய செல்களில் புரதம் அதிகம். சூட்டுக்குப் பதில் அமிலம் பட்டதும் அந்த இடம் மட்டும் கொஞ்ச நேரத்துக்கு வெளுத்துத் தெரியும். நல்ல செல்கள் இளஞ்சிவப்பாகவே இருக்கும். கரண்ட் போனால்கூட டார்ச் வெளிச்சத்தில் செய்துவிடலாம், முடிவு அங்கேயே அப்போதே தெரிந்துவிடும்.

"வினிகரை வைத்து என்ன பெரிதாகக் கண்டுபிடித்துவிட முடியும்?" என்று நினைப்பவர்களுக்குத் திண்டுக்கல் கதையைச் சொல்ல வேண்டும். அந்த மாவட்டக் கிராமங்களில் 30 முதல் 59 வயதுப் பெண்களுக்குப் பயிற்சி பெற்ற செவிலியர்கள் ஒரே ஒரு சுற்று வி.ஐ.ஏ. செய்தார்கள். மாற்றம் தெரிந்தவர்களுக்குச் சிகிச்சையும் கொடுத்தார்கள். ஏழு வருடம் தொடர்ந்து கவனித்து, 2007-இல் முடிவு வெளியானது. பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட பகுதிகளில் புற்றுநோய் 25 சதவீதமும், அதனால் வரும் சாவு 35 சதவீதமும் குறைந்திருந்தன. தமிழ்நாட்டுக் கிராமத்துப் பெண்களால் உலகத்துக்குக் கிடைத்த பாடம் இது. நம் ஊரில்தான் இதைப் பற்றிப் பேச்சே இல்லை.

வி.ஐ.ஏ.வுக்கும் குறை உண்டு. பார்ப்பவரின் கண்ணை நம்பியது அது. சாதாரணப் புண் இருந்தாலும் வெளுத்துக் காட்டலாம். மாதவிடாய் நின்ற பிறகு அந்த வளையம் உள்ளே போய் மறைந்துவிடுவதால், ஐம்பதைத் தாண்டிய பலருக்கு இது சரிப்படாது. அவர்களுக்கு மற்ற இரண்டு வழிகள் நல்லது.

மூன்றாவது, ஹெச்.பி.வி. பரிசோதனை. இது செல்லைப் பார்ப்பதில்லை. வைரஸின் மரபுப்பொருள் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறது. பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுக்கிறார்கள், அந்தப் பெண் தானே எடுத்துக் கொடுக்கவும் முடியும். மூன்றிலும் நம்பகமானது இதுதான். உலக சுகாதார நிறுவனமும் இதைத்தான் முதலில் பரிந்துரைக்கிறது. மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத்தில் நடந்த ஆய்வில், ஒரே ஒருமுறை செய்த ஹெச்.பி.வி. பரிசோதனை முற்றிய புற்றுநோயையும் அதனால் வரும் சாவையும் ஏறக்குறைய பாதியாகக் குறைத்ததை 2009-இல் காட்டினார்கள். விலைதான் இடிக்கிறது. என்னைக் கேட்டால், கிடைத்தால் இதைச் செய்துகொள்ளுங்கள், கிடைக்கவில்லை என்பதற்காக வி.ஐ.ஏ.வைத் தள்ளிப்போடாதீர்கள்.

'பாசிட்டிவ்' என்றால்

சல்லடையில் அரிசி சலித்தால் மேலே தங்குவதெல்லாம் கல் இல்லை. பருத்த அரிசியும் தங்கும், நெல்லும் தங்கும். அம்மா அதைக் கையால் ஒரு தடவை பொறுக்கிப் பார்த்துத்தான் கல்லை எறிவார். மேலே சொன்ன மூன்றும் சல்லடைகள்தான். 'பாசிட்டிவ்' என்றால் சல்லடையின் மேலே தங்கியிருக்கிறது, கையால் பார்க்க வேண்டும் என்று அர்த்தம். புற்றுநோய் என்று அர்த்தமில்லை.

கையால் பார்ப்பது இப்படி. பெரிதாக்கிக் காட்டும் கருவியால் வாசலை உற்றுப் பார்ப்பார்கள், அதற்குக் கால்போஸ்கோப்பி என்று பெயர். சந்தேகமான இடம் இருந்தால் மிளகளவு சதை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள், அது பயாப்ஸி. பல பேருக்குக் கதை இங்கேயே 'ஒன்றுமில்லை' என்று முடிந்துவிடும்.

பயாப்ஸி ரிப்போர்ட்டில் சி.ஐ.என். 1, 2, 3 என்று எண் வந்தால் வீடே அழத் தொடங்கிவிடுகிறது. மூன்று என்றதும் 'மூன்றாம் ஸ்டேஜ்' என்று எடுத்துக்கொள்கிறார்கள். இது ஸ்டேஜ் கணக்கே இல்லை. மேல்தோலின் அடுக்கில் மாற்றம் எவ்வளவு ஆழம் ஏறியிருக்கிறது என்ற அளவு. மூன்றுகூட புற்றுநோய்க்கு முந்தைய நிலைதான். ஒன்று என்றால் பெரும்பாலும் தானே சரியாகிவிடும், கவனித்து வந்தால் போதும். இரண்டு, மூன்றுக்குச் சிகிச்சை உண்டு. சூட்டாலோ உறைய வைத்தோ அந்த இடத்தை மட்டும் அழிப்பார்கள், அல்லது மெல்லிய கம்பி வளையத்தால் சீவி எடுப்பார்கள். பெரும்பாலும் கர்ப்பப்பையை எடுக்கத் தேவையில்லை. பெரும்பாலோர் அன்றைக்கே வீடு திரும்பிவிடலாம்.

யாருக்கு, எப்போது

30 முதல் 65 வயதுவரை, வி.ஐ.ஏ. என்றால் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை. இது நம் நாட்டு அரசு வழிகாட்டுதல். முப்பதுக்கு முன்னால் ஏன் வேண்டாம் என்றால், இருபதுகளில் இந்த வைரஸ் வருவதும் போவதும் சகஜம். தானாகப் போகிறதைப் பிடித்து வைத்துப் பயப்பட வேண்டியதில்லை. எச்.ஐ.வி. உள்ளவர்கள் மட்டும் 25 வயதிலேயே தொடங்க வேண்டும், இடைவெளியும் குறைவு. கர்ப்பமாக இருப்பவர்களுக்கு வி.ஐ.ஏ.வைப் பிரசவத்துக்குப் பிறகு வைத்துக்கொள்வார்கள்.

குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் என்பது கருக்குழாயைக் கட்டுவது. வாசல் அங்கேயேதான் இருக்கிறது, ஆகவே பரிசோதனை வேண்டும். கர்ப்பப்பையை எடுத்தவர்கள், வாயையும் சேர்த்து எடுத்தார்களா என்று டிஸ்சார்ஜ் சீட்டைக் காட்டிக் கேட்க வேண்டும். சேர்த்து எடுத்து, அதற்கு முன் இந்த மாற்றங்கள் எதுவும் இருந்ததில்லை என்றால், தேவையில்லை. வாயை விட்டு வைத்திருந்தால் தேவை. மாதவிடாய் நின்றவர்களுக்கும் 65 வரை தேவை. தடுப்பூசி போட்டவர்களுக்கும் தேவை, ஏனென்றால் ஊசி எல்லா வகை ஹெச்.பி.வி.யையும் தடுப்பதில்லை, முன்பே வந்து தங்கியதை விரட்டுவதும் இல்லை. அந்த ஊசி உங்கள் மகளுக்கானது, 9 முதல் 14 வயதுக்குள் போட்டால் சிறப்பு. அம்மாவுக்குப் பரிசோதனை, மகளுக்கு ஊசி என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கை. உறவுக்குப் பின் ரத்தம், மாதவிடாய் நின்ற பிறகு ரத்தம், இடையில் காரணமில்லாமல் ரத்தம், ரத்தம் கலந்த துர்நாற்றமுள்ள வெள்ளைப்படுதல், இதில் எது இருந்தாலும் முகாமுக்காகக் காத்திருக்காதீர்கள். போன மாதம்தான் பரிசோதனை நார்மல் என்று வந்தது என்றாலும் டாக்டரைப் பாருங்கள். சாதாரண வெள்ளைப்படுதல் மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் இயல்பானது, அல்லது வேறு தொற்று.

கூச்சம் என்ற பெரிய மலை

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், 30 முதல் 49 வயதுப் பெண்களில் ஒருமுறையாவது இந்தப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் இந்தியாவில் 1.9 சதவீதம், தமிழ்நாட்டில் 9.8 சதவீதம். நாம் முன்னால் இருக்கிறோம் என்று சொல்லிக்கொள்ளலாம்தான். பத்தில் ஒருவர்கூட இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அரசு நிலையங்களில் இலவசம். அப்படியும் போகாததற்குக் காரணம் கூச்சம்.

வேலூருக்கு இந்தக் கூச்சத்தின் விலை நன்றாகத் தெரியும். அமெரிக்க மிஷனரி குடும்பத்தைச் சேர்ந்த ஐடா ஸ்கடர் இளம்பெண்ணாகத் திண்டிவனத்தில் இருந்தபோது, ஒரே இரவில் மூன்று வீட்டு ஆண்கள் வந்து பிரசவத்தில் தவிக்கும் மனைவிக்கு உதவக் கேட்டார்கள். அவருடைய அப்பா டாக்டர். ஆண் டாக்டர் வேண்டாம் என்றார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகுதான் ஐடா மருத்துவம் படித்து, 1900-இல் திரும்பி வந்து, வேலூரில் பெண்களுக்கு வைத்தியம் பார்க்கத் தொடங்கினார். இன்றைய சி.எம்.சி. மருத்துவமனை அதிலிருந்து வளர்ந்ததுதான். அன்றைக்குப் பெண் டாக்டர் இல்லை. இன்றைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் வி.ஐ.ஏ. செய்வது பெரும்பாலும் பெண் செவிலியர். கதவைச் சாத்திவிட்டு, திரை போட்டுத்தான் செய்வார்கள். இல்லையென்றால் திரையைப் போடச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. மேல்சிகிச்சை வேண்டுமென்றால் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் பக்கத்தில் இருக்கிறது.

போகிற நாளில்

மாதவிடாய் நாளில் போகவேண்டாம். முந்தைய இரண்டு நாள் உறவு வேண்டாம், உள்ளே வைக்கும் மருந்தும் வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டுப் போங்கள். படுக்க வைத்து, வாத்தின் அலகு மாதிரியான ஒரு கருவியை உள்ளே வைத்து விரிப்பார்கள். அழுத்தமாக இருக்கும், கொஞ்சம் குளிரும். அப்போது உடம்பை இறுக்கிக்கொண்டால் வலிக்கும். வாயைத் திறந்து மூச்சு விட்டால் தளர்ந்துவிடும். ஐந்து, பத்து நிமிடம்தான்.

அண்ணி ஒருவழியாகப் போய் வந்தார், அக்காவையும் இழுத்துக்கொண்டு. அண்ணிக்கு நார்மல். அக்காவுக்கு வளையம் சரியாகத் தெரியவில்லை, பாப் ஸ்மியருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். அன்றைக்குச் சாயங்காலம் திண்ணையில் அண்ணி தன் பரிசோதனைச் சீட்டை எங்கே வைப்பது என்று தேடினார். ரேஷன் கார்டு இருக்கும் பிளாஸ்டிக் கவருக்குள்ளேயே வைக்கச் சொன்னேன். ஐந்து வருடம் தொலையாமல் இருக்கிற ஒரே இடம் நம் வீடுகளில் அதுதான்.